தனிப்பாதை வேண்டாம் என்ற மிதிவண்டிக்காரர்கள்: பிரித்தானியா, 1934

இலண்டனின் மேற்குப் பகுதியில் வெஸ்டர்ன் அவென்யூ என்றொரு நெடுஞ்சாலை உள்ளது. 1934ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், அதன் ஓரமாக அமைக்கப்பட்ட மிதிவண்டிப் பாதையைப் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா திறந்து வைத்தார். சாலையின் இருபுறமும் எட்டரை அடி அகலம், இரண்டரை மைல் நீளம், காங்கிரீட் தளம். பிரித்தானியாவில் இத்தகைய பாதை அதுவே முதன்முறை. மோட்டார் வண்டிகளில் அடிபடாமல் மிதிவண்டி ஓட்டுவோரைக் காப்பதே அதன் நோக்கம் என்று அரசு சொன்னது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களோ மிதிவண்டி ஓட்டுவோரின் சங்கங்கள்தாம்.

இந்த எதிர்ப்பின் வேர் அரை நூற்றாண்டுக்கு முன்னே இருக்கிறது. 1870களில் மிதிவண்டி சாலையில் ஒரு வேண்டாத விருந்தாளி. குதிரைகள் மிரளுகின்றன என்று வண்டிக்காரர்கள் சாட்டையால் அடித்ததும் உண்டு. 1878இல் தொடங்கிய சங்கமே பின்னர் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு, வேகமாக ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர், மிதிவண்டி 'வண்டி' என்ற சொல்லில் அடங்காது என்று வாதாடினார். அடங்கும் என்றது நீதிமன்றம். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் மிதிவண்டிக்கு ஒரு தகுதி கிடைத்துவிட்டது. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் உறுதி செய்தது. பிறரை முந்தும்போது மணியடிக்க வேண்டும், இருட்டில் விளக்கு வேண்டும் என்ற நிபந்தனைகளோடு, குதிரை வண்டிக்கு உள்ள சாலை உரிமை மிதிவண்டிக்கும் உண்டு என்றாயிற்று. சங்கத்தார் இந்த உரிமையைத் தங்கள் சாசனமாகவே கருதினர்.

பிறகு மோட்டார் வந்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு இருந்த 20 மைல் வேகவரம்பையே நீக்கிவிட்டது. 1934இல் மட்டும் சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் நடந்து சென்றவர்களும் மிதிவண்டியில் சென்றவர்களும் ஆவர். மறு ஆண்டு ஊர்ப்பகுதிகளில் 30 மைல் வரம்பு வந்தது. ஓட்டுநர் தேர்வும் கட்டாயமாயிற்று. அந்த நடவடிக்கைகளின் வரிசையில்தான் மிதிவண்டிப் பாதையும் வந்தது.

சங்கத்தின் செயலாளர் ஜி. எச். ஸ்டான்சரும் அவர் தோழர்களும் அதில் வேறொன்றைக் கண்டார்கள். ஆபத்தை உண்டாக்குபவரை அடக்காமல், ஆபத்துக்கு உள்ளாகிறவரை ஓரங்கட்டுவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். இன்று பாதை போடுவார்கள், நாளை அதில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பார்கள் என்று அஞ்சினார்கள். அது வெறும் கற்பனையன்று. ஜெர்மனியில் பாதை உள்ள இடத்தில் அதைப் பயன்படுத்துவது அப்போதே கட்டாயம். போதாக்குறைக்கு, கிளைச்சாலை வந்து சேரும் இடந்தோறும் புதிய பாதை அறுபட்டது. நேரே போகிற மிதிவண்டிக்காரர் ஒவ்வொரு முறையும் நின்று, வழிவிட்டு, மீண்டும் மிதிக்க வேண்டியிருந்தது. கார் ஓட்டுபவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பின்விளக்குச் சண்டையும் இதே தன்மையது. முன்னால் போவதைப் பார்த்து ஓட்டுவது பின்னால் வருபவரின் கடமை. பின்விளக்கைக் கட்டாயமாக்கினால், விளக்கு எரியாத இரவில் செத்தவன் மேலேயே பழி விழும் என்றது சங்கம். இன்று கேட்க விசித்திரமாக இருக்கலாம்; ஆனால் விபத்து வழக்குகளில் பழி எப்படி இடம் மாறுகிறது என்று பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ள மாட்டார்கள். 1934இல் பின் மட்கார்டில் வெள்ளைப் பட்டை கட்டாயமாயிற்று. பிரித்தானிய வண்டிகளோடு அந்தப் பட்டை இந்தியாவுக்கும் வந்தது. பின்னாளில் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளிலும் அதைக் காணலாம். அது எதற்கென்று கேட்காமலேயே நாம் துடைத்துப் பளபளக்க வைத்தோம். பின்விளக்கோ, போர்க்கால இருட்டடிப்பில் கட்டாயமாகி, 1945இல் நிலைத்த சட்டமாயிற்று.

மேலவையின் குழுவொன்று 1939இல் பாதைகளைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. ஆனால் போர் மூண்டது. அந்தச் சட்டம் வரவேயில்லை. சங்கம் தன் உரிமையைக் காத்துக்கொண்டது. 1949இல் பிரித்தானியர்கள் மிதிவண்டியில் சென்ற தொலைவு ஏறத்தாழ 2,360 கோடி கிலோமீட்டர். 1973இல் அது 370 கோடியாகச் சுருங்கிவிட்டது. சாலையில் ஓட்டும் உரிமை அப்படியே இருந்தது. ஓட்டத் துணிந்தவர்கள்தாம் குறைந்தார்கள்.

சங்கத்தின் பிடிவாதமே இதற்குக் காரணம் என்று சொல்வோர் உண்டு. நெதர்லாந்தைக் காட்டுவார்கள்: அங்கே தனிப்பாதையும் பெருகியது, மிதிவண்டியும் பிழைத்தது. ஆனால் அங்கே 1970களில், சாலையில் குழந்தைகள் சாவதைக் கண்டு பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, கார்களுக்கும் பல தெருக்களில் கடிவாளம் போடப்பட்டது. பிரித்தானியாவிலேயே ஸ்டீவனேஜ் என்ற புதுநகரில் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன் சுரங்க வழிகளோடு அருமையான மிதிவண்டிப் பாதைகளை அமைத்தார். கூடவே கார் ஓட்டவும் அந்நகரம் மிக வசதியாக இருந்தது. மக்கள் காரில் போனார்கள். எனவே பாதையை மறுத்தது மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணம் என்பது பொருந்தாது. ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். சங்கத்தை நடத்தியவர்கள் நெடுந்தொலைவு ஓட்டிப் பழகிய துணிச்சல்காரர்கள். ஆலைக்குப் போகும் தொழிலாளிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அந்தத் துணிச்சல் இருக்குமா என்று அவர்கள் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை.

1930களில் போட்ட அந்தப் பாதைகளில் பல இன்னும் சாலையோரங்களில் கிடக்கின்றன. சில இடங்களில் அவை என்ன என்றே தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவற்றின்மேல் கார்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.