அரிஷ்டமும் நபீதும்: கல்முனைக் கரையில் ஒரு மருந்து வினா

அம்பாறைக் கரையோரமாக மருதமுனையிலிருந்து தெற்கே செல்வோர் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் தமிழர் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கக் காண்பர். போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியினின்றும் வெளியேற்றிய முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் இடமளித்த மட்டக்களப்புத் தேசத்தின் தென்பாகம் இதுவாகும். மொழி ஒன்றாயின், மருந்தும் ஊரெல்லை பாராது. எனினும், கனியை நொதிக்கவைத்து ஆக்கும் அரிஷ்டம் இஸ்லாமிய மரபினர்க்கு ஒரு வினாவை எழுப்புவது.

சரக சங்கிதை ஆசவங்கள் 84 எனத் தொகுத்து, அவற்றுள் 26 கனிகளாலாவன என்கின்றது. பச்சை நீரில் ஆக்குவது ஆசவம், காய்ச்சிய நீரில் ஆக்குவது அரிஷ்டம் எனச் சார்ங்கதரர் பிரிப்பர். திராட்சாரிஷ்டத்துக்கு முந்திரிகை வற்றலைக் காய்ச்சி வடித்து, வெல்லமும் கறுவா, ஏலம், மிளகு, திப்பிலி முதலியனவும் கூட்டிக் கலத்தின் வாயை மூடி ஒரு மாதமளவில் வைப்பர். நொதித்தலைத் தூண்டத் தாதகிப்பூ இடுவதும் உண்டு. மதுசாரம் புறத்தேயிருந்து சேர்க்கப்படுவதில்லை, தானே விளைகின்றது. அதன் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை எனலாம்.

கனியூறல் இஸ்லாமிய மரபுக்குப் புதிதன்று. பேரீச்சையையோ உலர்ந்த முந்திரிகையையோ நீரில் ஊறவைத்த நபீதை நபிகளார் அருந்தியதையும், மூன்று நாட்களுக்கு மேற்பட்டதைத் தவிர்த்ததையும் ஹதீஸ் நூல்கள் உரைக்கின்றன. மிகுதியாக அருந்த மயக்குவது எதுவோ, அதன் சிறுதுளியும் விலக்கு என்பது ஷாபிஈ மத்ஹபின் முடிபு. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் இம்மத்ஹபினர். ஆகவே, ஒரு வேளைக்கு ஓரிரு மேசைக்கரண்டி அரிஷ்டம் எவரையும் மயக்காது என்னும் வாதம் இங்கே செல்லாது. அதே சாறு தானாகவே காடியாகிவிடின் அது தூயதாகும். ஊறலுக்கும் காடிக்கும் இடைப்பட்ட நாட்களிலேயே அரிஷ்டக்கலம் திறக்கப்படுகின்றது!

சட்ட அறிஞர் கதவை முற்றாக அடைத்தாரல்லர். தனி மதுவை மருந்தாக்குதல் கூடாது. வேறு பொருள்களிற் கலந்து கரைந்ததாயின், தூய மாற்று மருந்து கிட்டாதவிடத்து, நம்பத்தக்க வைத்தியரின் சொற்படி கொள்ளலாம் என்பர். இவ்வாறு மார்க்கத் தீர்ப்பின் ஒரு பங்கு வைத்தியரின் தோளில் ஏறுகின்றது. மாற்று உண்டா என்பதே அவர் முதலில் ஆராய வேண்டியது.

இவ்விடத்தில் யூனானி மருத்துவம் நோக்கத்தக்கது. கஷாயம் மறுநாளே கெடும். அரிஷ்டம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெப்பமிக்க கடற்கரையில் இது சிறிய நன்மையன்று. யூனானி மருத்துவர் அந்நன்மையைச் சர்க்கரைப் பாகாகிய ஷர்பத்தாலும், காடியும் தேனும் கூடிய ஸிகன்ஜபீனாலும் பெற்றனர். கமீரா என்னும் லேகியத்தின் பெயர் நொதித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்றும் வந்ததாயினும், இன்று அது பாகை வெண்மையாகும்வரை அடித்தே ஆக்கப்படுகின்றது. பெயரில் மட்டும் பழைய புளிப்பு எஞ்சியது.

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, சுதேச வைத்தியம் யாவற்றையும் 'ஆயுர்வேதம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கியது. அம்பாறை தனி மாவட்டமானதும் அவ்வாண்டிலேயே. அதன்பின் அரிஷ்டமும் ஷர்பத்தும் சட்டத்தின் கண்ணில் ஒரே துறையின் மருந்துகளாயின. நொதித்தது எது, நொதியாதது எது என்பதை நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு மருந்து கொடுப்பவரிடமே நின்றது.