தட்டி வீடும் கம்பளியும்: தங்கவயலின் குளிர்கால வரலாறு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் ஏறக்குறைய 66 டிகிரி செல்சியஸ். குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தினாலன்றி மனிதர் அங்கு நின்று வேலை செய்ய இயலாது. அதே சுரங்கத்தின் வாய் கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் அங்கு வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும். சில விடியல்களில் அதற்கும் கீழே போகும். இரவுப் பணி முடித்து மேலேறும் தொழிலாளி, வியர்வையில் நனைந்த உடலோடு சில நிமிடங்களுக்குள் கோடையிலிருந்து பனிக்காலத்துக்கு வந்துவிடுகிறான். தங்கவயலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கீழே இருந்த வெப்பத்தையே எழுதினார்கள். மேலே காத்திருந்த குளிர் பேசப்படவில்லை.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கு கால்வைத்தபின் சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் ஆகிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். சித்தூர்ப் பகுதியிலிருந்து தெலுங்கரும் வந்தனர். வேலூர், குடியாத்தம் பக்கத்து வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இந்த மேட்டுநிலத்துப் பனி புதிது. அவர்கள் விட்டுவந்த வீடுகள் ஏழை வீடுகள்தாம். ஆயினும் மண்சுவர் வீடுகள். முழங்கை அகல மண்சுவர் பகலில் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல மெல்ல உள்ளே விடும். தங்கவயலில் அவர்களுக்குக் கிடைத்ததோ மூங்கில் தட்டியால் அடைத்த குடிசை. தட்டி வெப்பத்தைத் தேக்காது, காற்றையும் தடுக்காது. அதிகக் குளிருள்ள இடத்துக்கு வந்தவர்கள் முன்னிலும் மெல்லிய சுவருக்குள் குடியேறினார்கள் என்பதே இதன் பொருள்.

தட்டி மலிவு என்பது முதன்மைக் காரணம். அது மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து பரவிய பிளேக் 1898இல் பெங்களூரை அடைந்தது. அக்காலப் பொதுச் சுகாதாரச் சிந்தனையில், எளிதாகப் பிரித்தெடுத்து அப்புறப்படுத்தக்கூடிய குடிசையும், காற்றோட்டமும் நோய்த்தடுப்பின் இரு தூண்கள். சுகாதார அதிகாரியின் கண்ணில் தட்டியின் இடுக்கு ஒரு நன்மை. அந்த இடுக்கை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி அடைக்க விரும்பிய பெண்ணின் கண்ணில் அது குழந்தையின் மார்ச்சளி. இருவரில் எவரையும் முழுத் தவறு என்று தள்ள முடியாது. ஆனால் அதிகாரி அந்த இடுக்குக்கு அருகில் படுத்து உறங்கவில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கலாம். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்குத் தங்கவயலில் ‘லைன்’ என்று பெயர். வால்பாறையிலும் நீலகிரியிலும் அதுவே ‘லைன் வீடு’. இலங்கை மலையகத்தில் ‘லயன்’, ‘லயம்’. ஒரே ஆங்கிலச் சொல் மூன்று மேட்டுநிலங்களில் தமிழாகியிருக்கிறது. மூன்றுமே குளிர் நிலங்கள், மூன்றிலும் குடியேறியவர் சமவெளித் தமிழர். எதிர்த் திசையில் பயணம் செய்த சொல் கம்பளி. அது ‘கம்ப்ளி’ ஆகி ஆங்கிலேயரின் தோட்டக் கணக்குகளில் ஏறியது. இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளிக்குக் கொடுத்த அரிசியைப் போலவே கம்பளியும் அவன் பேரில் பற்று எழுதப்பட்டது. குளிர் தாங்குவதே கடனின் ஒரு வரியாக இருந்தது.

தங்கவயலுக்கு மேற்பார்வையாளராகவும் கைத்தேர்ந்த சுரங்கத் தொழிலாளராகவும் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து பலர் வந்தனர். அவர்களின் ஊர்ச் சுரங்கங்களிலும் இதே சிக்கல் உண்டு: ஆழத்தில் புழுக்கம், மேலே அட்லாண்டிக் கடற்காற்று. 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கு சுரங்க வாயருகே சூடேற்றிய ஓர் அறை கட்டினார்கள். மேலேறியவன் அங்கு ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடைக்கு மாறி, பிறகு வீட்டுக்கு நடப்பான். ‘உலர்த்தி’ என்றே அதற்குப் பெயர். வியர்த்த உடலில் குளிர்காற்று படுவது பற்றிய அச்சம் கார்ன்வால்காரனுக்கும் குடியாத்தத்துக்காரனுக்கும் பொதுவானது. 

1902 சூன் 30 அன்று சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருவிளக்குகளுக்கு மூன்று ஆண்டுகள் முந்திய நிகழ்வு இது. இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் பெருமையுடன் குறிக்கப்படும் அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. வீட்டின் வெப்பம் அடுப்பிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

அடுப்பின் சிக்கனம் ஒரு தனி அறிவு. சோறாக்கிய பின் எஞ்சும் தணலைச் சாம்பலால் மூடிவைத்தால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். காலையில் ஊதி எழுப்பத் தீக்குச்சி வேண்டாம். மரத்தூளை நடுவில் துளைவிட்டு இறுக்கி அடைத்த தகர அடுப்பு, கைப்பிடிச் சுள்ளியில் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் எரியும். கோலார் மண்ணின் கேழ்வரகு, களியாகக் கிண்டி உருட்டினால் நெடுநேரம் சூட்டை விடாது; சோற்றைவிட மலிவு, பசியும் தாங்கும். அதற்குத் துணையாகக் கொள்ளு ரசம். சளிக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி. தங்கவயல் மாரிக்குப்பத்தில் வேர்விட்ட சாக்கிய பௌத்த இயக்கத்தின் தலைவர் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அவருடைய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. போர்வையில் கம்பளிக்கு அடுத்த இடம் கோணிச் சாக்குக்கு. தரையில் விரித்த சாக்கும் மேலே போர்த்திய சாக்கும் அளவில் ஒன்று. பயனில் கீழ்ச்சாக்கே பெரிது. உறங்கும் உடலின் சூட்டைக் குளிர்ந்த தரை தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், கீழே இரண்டு மடிப்பு இருந்தால் மேலே ஒன்று போதும்.

எல்லாவற்றினும் மலிவான வெப்பம் இன்னொரு மனித உடல். ஒரே கம்பளிக்குள் தாயும் பிள்ளைகளும் நெருங்கிப் படுப்பது ஏழையின் கணப்பு. தங்கவயலின் பெருந்துயரம் இங்கேதான் வீட்டுக்குள் நுழைகிறது. 1940க்கும் 1946க்கும் இடையில் இங்கு 7,653 தொழிலாளர்களைச் சோதித்து, 1947இல் வெளியான ஆய்வு 43.7 விழுக்காட்டினருக்கு சிலிக்கோசிஸ் இருந்ததாகக் கூறியது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து திசுவைத் தழும்பாக்கும் நோய் அது. படிந்த தழும்பை நீக்கும் மருந்து இன்றும் இல்லை. அந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். காசநோய் காற்றில் பரவும். ஆகவே இடுக்கை அடைத்துக் கதவைச் சாத்தி நெருங்கிப் படுத்தால் குளிர் போகும், நோய் பரவும். திறந்து வைத்தால் இருமல் கூடும். புகைபோக்கி இல்லாத அறையில் அடுப்பு எரிந்தாலோ, தூளால் கெட்ட நுரையீரலின்மேல் புகையும் ஏறும். தனிப் படுக்கை, உலர்ந்த துணி, புகைபோக்கி உள்ள அடுப்பு ஆகிய மூன்றும் இருந்தால் இந்த முடிச்சு பெருமளவு அவிழ்ந்திருக்கும். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றில் காற்றைக் குளிர்விக்கப் பணமிருந்த தொழிலில், அந்த மூன்றும் எட்டாத செலவு என்பதை ஏற்க இயலவில்லை.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசிடமும், 1962இல் நடுவண் அரசிடமும் வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மருத்துவமனையும் அதனோடு ஓய்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், 2021இல், தன்னார்வலர்கள் அந்தப் பழைய கட்டடத்தைத் துப்புரவு செய்து மீண்டும் படுக்கைகள் போட்டார்கள். மீண்டும் மூச்சுத் திணறலுக்காகவே அது திறந்தது.

மூடிய பின்னும் பழைய தொழிலாளர் குடும்பங்கள் பல அதே லைன்களில் வாழ்கின்றன. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றில் 3 கோடி டன்னுக்கு மேல் நுண்மணல் உள்ளது. வறண்ட காற்று வீசும் நாட்களில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வரும். குளிருக்காகச் சாத்திய சன்னல் தூசுக்காகவும் சாத்தியே இருக்கும். அடுத்த தலைமுறை பெங்களூரில் வேலை செய்கிறது. தை மாதத்து விடியலுக்கு முன், மாரிக்குப்பம் நிலையத்தில் நிற்கும் தொடர்வண்டியில், காதை மறைத்துத் துண்டு கட்டிய ஆண்களும், தலைவரை சால்வை போர்த்திய பெண்களும் ஏறுகிறார்கள். பனிக்காற்று உள்ளே வராமல் முதலில் ஏறியவர்கள் சன்னல்களை இறக்கிவிடுகிறார்கள்.