கீஸர் வாங்கியாச்சு... பாத்ரூம் வயரிங்கைப் பார்த்தாச்சா?

ஆஃபரில் கீஸர் ஆர்டர் போட்டாச்சு. ஆள் வந்து சுவரில் மாட்டி, இருக்கிற பிளக்கில் சொருகி, சுடுதண்ணி வருதான்னு பார்த்துட்டுக் கிளம்பிடுவார். அந்த பிளக்குக்குப் பின்னால், சுவருக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் கேட்கிறதில்லை. நீங்க கேளுங்க.

முதல்ல சின்ன கணக்கு. 2,000 வாட்ஸ் கீஸர், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் கீஸர்னா 13 ஆம்பியர். மொபைல் சார்ஜர் போடுற சின்ன பிளக் தாங்குறதோ 6 ஆம்பியர்தான். அதனால 16 ஆம்பியர் பவர் பிளக்கும், டி.பி பாக்ஸிலிருந்து தனி லைனும் கட்டாயம் வேணும். செம்பு வயர் 2,000 வாட்ஸுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம்., 3,000-க்கு 4 இருப்பது நல்லது. பிளக் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் கருகுற வாசம் வந்தாலோ உடனே ஆஃப் பண்ணிடுங்க.

அடுத்தது எர்த். மூணு ஓட்டை பிளக்கில் மேலே இருக்கிற பெரிய ஓட்டைதான் அது. பழைய வீடுகள் பலவற்றில் அது பேருக்குத்தான் இருக்கும், பின்னால் வயரே இருக்காது. கீஸர் காயில் பழுதானால் மின்சாரம் டேங்கிலும் தண்ணீரிலும் இறங்கும். எர்த் சரியாக இருந்தால் அந்த வழியே போய்விடும். இல்லையென்றால், ஈரக் கையோட குழாயைத் திறக்கிற உங்க உடம்புதான் அதுக்கு வழி. சிலர் நியூட்ரலையே எர்த் பின்னோடு இணைச்சு 'சமாளிச்சிடலாம்'பாங்க. சம்மதிக்கவே சம்மதிக்காதீங்க. என்னைக்காவது நியூட்ரல் அறுந்தால் கீஸரின் உலோகப் பகுதியில் 230 வோல்ட் நிற்கும்.

"எங்க வீட்ல எம்.சி.பி இருக்கே, டிரிப் ஆயிடுமே?" அது வயரைக் காப்பாத்த இருக்கு, உங்களை இல்லை. 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது கவலைப்படும். உயிரை எடுக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். உங்களுக்காக இருப்பது ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா இருக்கான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வகையை வாங்குங்க. அந்த அளவு கசிந்தாலே கண் இமைக்கிற நேரத்தில் துண்டிச்சிடும். மாசம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க. ஆனா, அந்த பட்டன் எர்த் நல்லா இருக்குன்னு சொல்லாது. அதை எலெக்ட்ரீஷியன் தனியாகத்தான் சோதிக்கணும். ஆர்.சி.சி.பி அடிக்கடி டிரிப் ஆனால், "கழட்டிடலாம் சார்"னு சொல்ற எலெக்ட்ரீஷியனை மாத்துங்க. எங்கேயோ கசியுதுன்னுதான் அது கத்துது.

சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். தண்ணி சூடானதும் ஆஃப் பண்ணிட்டுக் குளிங்க.

வாடகை வீடா? எர்த் இல்லைன்னா ஹவுஸ் ஓனரிடம் பேசி, வேலை முடியுற வரை கேஸ் அடுப்பில் தண்ணி காய வைங்க. அதுவரைக்கும் இருக்கட்டுமேன்னு வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கிடாதீங்க, எர்த் இல்லாத வீட்டில் அது இன்னும் மோசம்.

யாருக்காவது ஷாக் அடிச்சா, பதற்றத்தில் ஓடிப்போய்த் தொடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் 108.