மதி மறைத்த மீன்கள்

சிலாங்கூர் மாநிலத்தின் கடற்கரையோரத்தில் அமைந்த பழம்பெரும் ஊர் கோல சிலாங்கூர். அங்குள்ள புக்கிட் மெலாவத்தி என்னும் குன்றின்மீது 1907ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கின்றது. நோன்பு மாதத்தின் தொடக்கத்தையும் பெருநாளையும் உறுதி செய்வதற்காகப் பிறை பார்க்கும் இடமும் அக்குன்றேயாகும். வடக்கே சுங்கை புரோங் வரையிலும் பரந்து கிடக்கும் நெல்வயல்களிலும் தோட்டப்புறங்களிலும் வாழும் தமிழர்களுக்கும் திங்கள் நெருங்கிய உறவே. பௌர்ணமியும் அமாவாசையும் கார்த்திகையும் அவர்கள் வீட்டு நாள்காட்டியில் தவறாது இடம்பெறுகின்றன.

ஆயினும், பிறை தோன்றிய பின்னர் வானில் நிகழும் ஓர் அரிய காட்சியைக் காண்போர் மிகச் சிலரே. அக்காட்சியாவது, திங்கள் தன் வழியில் குறுக்கிடும் விண்மீனை மறைத்துச் செல்வது.

திங்கள் நாள்தோறும் கிழக்கே உதித்து மேற்கே மறைவதாகத் தோன்றினும், விண்மீன்களின் நடுவே அது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியே நகர்கின்றது. தன் அகலத்தின் அளவைக் கடக்க அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அவ்வழியில் உரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய ஒளிமிக்க மீன்கள் உள்ளன. வளர்பிறைக் காலத்தில் திங்களின் இருண்ட விளிம்பே முன்செல்வதால், விண்மீனை எது மறைத்தது என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒளிர்ந்துகொண்டிருந்த மீன், ஊதி அணைத்த விளக்கைப் போல் நொடிப்பொழுதில் இல்லாமற் போகும். அது சிறிது சிறிதாக மங்குவதில்லை. ஒளியை மங்கச் செய்யும் காற்றுமண்டலம் திங்களில் இல்லை என்பதே அதற்குக் காரணம். மறைந்த மீன் மறுபுறத்தில் மீண்டும் வெளிப்படும்.

இந்த வான்வழியைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். உரோகிணியைச் சகடம் என்று வழங்கினர். திங்களும் சகடமும் கூடிய நாளை மணநாளாகக் கொண்ட வழக்கத்தை அகநானூறு காட்டுகின்றது. கோவலனும் கண்ணகியும் மணம் புரிந்ததும் அத்தகைய நாளில்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. அன்று நாள் குறிக்க வேண்டுமாயின் வானத்தை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். பிற்காலத்தில் அப்பணியைப் பஞ்சாங்கம் ஏற்றுக்கொண்டது. நட்சத்திரத்தின் பெயர் தாளில் நிலைத்தது. அதனைக் கண்ணாற் காணும் பழக்கமோ மெல்ல மெல்லக் குறைந்தது.

அதே உரோகிணி மேலைநாட்டில் ஒரு பேருண்மையை வெளிப்படுத்தத் துணைநின்றது. கி.பி. 509ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஏதென்சு நகரில் ஒருவர், திங்கள் அம்மீனை மறைத்ததைக் குறித்து வைத்தார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, 1718இல், ஆங்கில வானியலறிஞர் எட்மண்டு ஆலி அக்குறிப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார். அம்மீன் தம் காலத்தில் இருந்த இடத்திலேயே அன்றும் இருந்திருக்குமாயின் அம்மறைப்பு நிகழ்ந்திருக்க இயலாது எனக் கண்டார். இது போன்ற சான்றுகளைக் கொண்டே, அசையாதவை எனக் கருதப்பட்ட விண்மீன்களும் இடம்பெயர்கின்றன என்று அவர் உலகிற்கு அறிவித்தார். அன்று ஒருவர் எழுதி வைத்த ஒரு சிறு குறிப்பின் பயன் அது!

இருபதாம் நூற்றாண்டில் இம்மறைப்பு மற்றொரு வகையிற் பயன்பட்டது. விண்பொருள்கள் சில, ஒளியோடு வானொலி அலைகளையும் வெளியிடுகின்றன. அவ்வலைகள் வானில் எந்தப் புள்ளியிலிருந்து வருகின்றன என்பதை அக்காலக் கருவிகளால் துல்லியமாகச் சுட்ட இயலவில்லை. ஆனால் திங்களின் விளிம்பு எந்த நொடியில் எங்கிருக்கும் என்பது நன்கு தெரியும். ஆகவே, அலை அறுபடும் நொடியைக் குறித்தால் அது வரும் இடம் புலப்படும். அறுபடும் முறையை ஆராய்ந்தால் அப்பொருளின் அளவும் வடிவமும் புலப்படும். 1962இல் ஆசுதிரேலியாவின் பார்க்சு நிலையத்தில் சிரில் அசார்டும் அவர்தம் குழுவினரும் இம்முறையால் 3சி 273 என்னும் பொருளின் இடத்தை வரையறுத்தனர். மறு ஆண்டில் மார்ட்டின் சிமித்து அதன் ஒளியை ஆராய்ந்து, அது இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாற்பட்டது எனக் கண்டார். குவாசர் என்னும் புதுவகை விண்பொருள் அவ்வாறே அறியப்பட்டது.

அச்செய்தி இந்தியர் ஒருவரின் உள்ளத்தைத் தூண்டியது. அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்ற கோவிந்த் சுவரூப், ஓமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963இல் தாயகம் திரும்பி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியேற்றிருந்தார். திங்களின் மறைப்பைக் காண்பதற்கென்றே ஒரு பெருங்கருவி வேண்டும் என அவர் எண்ணினார். செல்வ நாடுகளின் கருவிகளோடு பணத்தால் போட்டியிட இந்தியாவால் இயலாது. ஆனால் அந்நாடுகளுக்கு வாய்க்காத ஒன்று தென்னிந்தியாவுக்கு வாய்த்திருந்தது. அதுவே நிலநடுக்கோட்டின் அண்மை.

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், வடக்கு தெற்காகப் பதினொரு பாகை சரிந்த மலைச்சரிவு ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்விடத்தின் அட்சரேகையும் அதே அளவினது. ஆதலால் அச்சரிவில் நீளவாக்கில் கிடத்திய கருவி, பூமியின் அச்சிற்கு இணையாக அமைந்தது. அதனை அவ்வச்சின்மீது திருப்பினாலே போதும். திங்களை ஒன்பது மணி நேரத்திற்கு மேலும் பின்தொடரலாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அக்கருவியில், 24 சட்டங்களின்மீது 1100 எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டன. இந்தியப் பொறியாளர்களும் தொழிலாளர்களும் உருவாக்கிய அத்தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. வானொலி அலைகளுக்கு மேகமும் தடையன்று, பகலும் தடையன்று. ஆகவே நீலகிரியின் பனிமூட்டத்திலும் பணி தடைப்படவில்லை.

தொடர்ந்த ஆண்டுகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்பொருள்கள் திங்களின் பின்னே மறைவதை அக்கருவி பதிவு செய்தது. மங்கலான, தொலைவான பொருள்களின் தோற்ற அளவு சிறுத்துச் செல்லும் முறையை ஆராய்ந்து, சுவரூப்பும் விசய் கபாகியும் 1975இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பேரண்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பது என்ற கொள்கைக்கு அவை பொருந்தவில்லை. காலந்தோறும் மாறி வருவது என்ற பெருவெடிப்புக் கொள்கைக்கே வலுச் சேர்த்தன. தமிழக மலைச்சரிவிலிருந்து எழுந்த குரலை உலகம் செவிமடுத்தது. 2020இல் சுவரூப் மறைந்தார். அவர் அமைத்த கருவி அவர் பெயரைச் சொல்லி நிற்கின்றது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. ஏதென்சில் குறிப்பு எழுதியவரிடம் தொலைநோக்கி இல்லை. முத்தோரையில் பணியாற்றியோரிடம் பெரும்பொருள் இல்லை. எல்லார்க்கும் பொதுவான திங்களையே அவர்கள் கருவியாகக் கொண்டனர். கண்டதைக் காலத்தோடு குறித்து வைத்தனர். அறிவு வளர்ந்தது.

சுங்கை புரோங்கின் அட்சரேகை ஏறத்தாழ மூன்றரைப் பாகை. திங்கள் அங்கே தலைக்கு மேலேயே உலவுகின்றது. வயல்வரப்பில் நிற்கும் ஒரு மாணவன், நாள்காட்டியில் உரோகிணி என்று அச்சிட்டிருக்கும் இரவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தல் வேண்டும். செந்நிற மீன் ஒன்று திங்களின் அருகே நிற்கும். என்றேனும் ஓரிரவு அவன் கண்ணெதிரே சட்டென்று மறையும். அந்த நொடியை அவன் தன் ஏட்டில் குறித்து வைப்பானாயின், சங்கப் புலவரும் முத்தோரை அறிஞரும் நடந்த பாதையில் அவனும் கால்வைத்தவன் ஆவான்.