அம்மா அன்று சாப்பிட்டது, பிள்ளையின் 50 வயதில் தெரியுமா?

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இனிப்பு நீர். பரம்பரை, என்ன செய்யறது?" நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வேர் உள்ள குடும்பம் என்றால், இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க.

சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நெகிரி செம்பிலானில் அது 33.2 விழுக்காடு, மாநிலங்களிலேயே ஆக அதிகம். இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு.

பரம்பரை, சீனி, நடமாட்டம் குறைந்த வாழ்க்கை எல்லாமே காரணங்கள்தான். ஆனால் நாம் அதிகம் பேசாத ஒரு காரணமும் இருக்கிறது: நாம் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கிடைத்த சாப்பாடு, குறிப்பாகப் புரதம்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

வளரும் குழந்தைக்குப் புரதம் என்பது வீடு கட்டும் செங்கல் மாதிரி. அது பற்றாக்குறையானால், உடல் முதலில் மூளையைக் காப்பாற்றப் பார்க்கும். மற்ற உறுப்புகளுக்குப் பங்கு குறையும்.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறக்குறைய 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட சேராது. குறைவான வடிகட்டிகளோடு பிறப்பவருக்குப் பின்னாளில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகம். இன்சுலின் சுரக்கும் கணையமும், சர்க்கரையைச் செலவழிக்கும் தசையும்கூட இதே போலப் பாதிக்கப்படலாம்.

எலிகளில் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. கர்ப்ப காலத்தில் சில தாய் எலிகளுக்கு 18 விழுக்காடு புரதமுள்ள தீனி, சிலவற்றுக்கு 9 விழுக்காடு. தீனியின் கலோரி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். புரதம் குறைந்த தாய்களின் குட்டிகளுக்கு வளர்ந்தபின் இரத்த அழுத்தம் கூடியது. தாயின் மன அழுத்த ஹார்மோன் குழந்தைக்குப் போகாமல் தடுக்கும் நஞ்சுக்கொடியின் காவலும் அவற்றில் பலவீனமாக இருந்தது.

மனிதர்களிடம் ஆதாரம் உண்டா?

மனிதர்களில் இப்படிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் பழைய பிறப்புப் பதிவேடுகள் பேசுகின்றன. 1989-இல் டேவிட் பார்க்கர் குழுவினர், இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷியரில் எடை குறைவாகப் பிறந்த ஆண்கள் இதய நோயால் அதிகம் இறந்ததைக் காட்டினார்கள். 1992-இல் ஹேல்ஸும் பார்க்கரும் ஒரு விளக்கம் சொன்னார்கள்: வயிற்றிலேயே பஞ்சத்துக்குப் பழகிய உடல், பின்னால் தாராளமான சாப்பாட்டைச் சந்திக்கும்போது தடுமாறுகிறது.

நமக்கு நெருக்கமான சான்று மைசூரில் இருக்கிறது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறப்பு எடைகளைப் பதிவு செய்து வைத்திருந்தது. அங்கே பிறந்தவர்களைத் தேடிப் பரிசோதித்து 1996-இல் வெளியான ஆய்வில், 2.5 கிலோ அல்லது குறைவாகப் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களிடம் அது 3 விழுக்காடுதான். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் கண்டது இன்னொன்று: இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும், தசை குறைந்து கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையாத உடலோடு பிறக்கிறார்கள்.

இவை தாயின் மொத்த ஊட்டத்தைக் காட்டுகின்றன. புரதம் அதில் ஒரு பங்கு, முழுக்கதை அல்ல.

தோட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சாப்பாட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இந்த மாநிலத்தில் புதிதில்லை. நூறாண்டுக்கு முன்பு நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் பிராடன், பெரிபெரி நோய் தமிழர்களிடம் குறைவாக இருப்பதைக் கவனித்தார். காரணம் அவர்கள் சாப்பிட்ட புழுங்கல் அரிசி. அதிலிருந்த உயிர்ச்சத்து அவர்களைக் காப்பாற்றியது.

ஆனால் புழுங்கல் அரிசியாலும் புரதத் தேவையை ஈடுகட்ட முடியாது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அந்த அரிசிக்கும் பஞ்சம் வந்தது. மரவள்ளிக்கிழங்கே சாப்பாடானது, அதில் 100 கிராமுக்குப் புரதம் ஒரு கிராம் அளவுதான். ஆண்கள் பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட, பெண்கள் பசியோடு பிள்ளை பெற்றார்கள். அதே போர்க்காலத்தில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் கருவில் இருந்தவர்களை 50 வயதில் பரிசோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது தெரிந்தது.

போருக்குப் பிறகும் சோறு, ரசம், கொஞ்சம் கருவாடு என்பதே பல லயத்து வீடுகளின் சாப்பாடு. விடியுமுன் பால் மரம் வெட்டப் போன அம்மா, கணவரும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டார்.

இன்னொரு விஷயம் தெரியுமா? நீங்கள் உருவான கருமுட்டை, உங்கள் அம்மா உங்கள் பாட்டி வயிற்றில் இருந்தபோதே தோன்றியது. எலிகளில் புரதக் குறைவின் தாக்கம் பேரக் குட்டிகள் வரை போனதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்படியென்றால் இது அம்மாவின் தவறா? நிச்சயமாக இல்லீங்க. கூலி எவ்வளவோ, அதற்குள்தான் அவர் சாப்பிட்டார்.

இப்போ நீங்க என்ன செய்யலாம்?

வீட்டில் கர்ப்பிணி இருந்தால்: மலேசியாவின் 2017 பரிந்துரைப்படி, வழக்கமாக ஒரு நாளைக்குத் தேவைப்படும் சுமார் 53 கிராம் புரதத்தோடு, நான்காம் மாதம் முதல் 8 கிராமும் கடைசி மூன்று மாதங்களில் 25 கிராமும் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19, மீனில் 20. ஒரு தட்டு சோறும் ரசமும் மட்டும் அதற்கு ஈடாகாது. பருப்பு, நெத்திலி, தாவு, கொண்டைக்கடலை எல்லாமே கைகொடுக்கும். முதல் பங்கை அவருக்கே வையுங்க.

புரதப் பவுடர் வேண்டாம்: கர்ப்பிணிகளுக்கு அதிகப் புரதச் சத்துணவை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. சரிவிகித உணவே போதும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்டு உணவை முடிவு செய்யுங்கள்.

கிளினிக்கைத் தள்ளிப் போடாதீங்க: 12 வாரத்துக்குள் அரசாங்க கிளினிக்கில் பதிந்து, சர்க்கரைப் பரிசோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கர்ப்பகாலத்தில் சர்க்கரை கூடினாலும் பிள்ளைக்குப் பின்னாளில் நீரிழிவு அபாயம் உண்டு.

குழந்தை சின்னதாகப் பிறந்தால்: தாய்ப்பால் கொடுங்கள். சீக்கிரம் புஷ்டியாக்க வேண்டும் என்று மிகையாக ஊட்ட வேண்டாம். சின்னதாகப் பிறந்து பின்னால் வேகமாகப் பருமனாகும் பிள்ளைகளுக்கே அபாயம் அதிகம்.

நீங்களே எடை குறைவாகப் பிறந்தவர் என்றால்: அது விதி அல்ல, முன்னெச்சரிக்கை. 30 வயதானதும் ஆண்டுதோறும் சர்க்கரை பாருங்கள். உடல் பருமனும் குடும்பத்தில் நீரிழிவும் இருந்தால் அதற்கு முன்பே தொடங்குங்கள். இரத்த அழுத்தமும் பாருங்கள். தசையை வளர்க்கும் உடற்பயிற்சி செய்யுங்கள்.

உங்கள் பிறப்பு எடை எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த எண்ணையும் சொல்லுங்கள்.