திருடனுக்கு ஒரு இன்டர்வியூ

அல்வாவை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் ஓடுவது ஒரு ரகத் திருட்டு. அல்வா கிண்டும் பக்குவத்தை எழுதிவைத்த நோட்டையே கிளப்பிக்கொண்டு போவது வேறு ரகம். கம்ப்யூட்டர் கேம் சிடியைக் காப்பி அடிப்பது முதல் ரகம் என்றால், அதன் சோர்ஸ் கோடைச் சுடுவது இரண்டாவது.

2003-ல் அமெரிக்காவின் வால்வ் கம்பெனிக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது. 'ஹாஃப் லைஃப் 2' என்ற கேமை வருஷக்கணக்காக உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 30 ரிலீஸ் என்று அறிவித்தும் இருந்தார்கள். தேதி போயிற்று, கேம் வரவில்லை. அக்டோபர் 2-ம் தேதி கம்பெனித் தலைவர் கேப் நியூவெல் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆமாம், இன்டர்நெட்டில் திரிவது எங்கள் கோட்தான். யாரோ என் ஈமெயிலுக்குள் புகுந்திருக்கிறார்கள், கீபோர்டில் தட்டுவதையெல்லாம் ஒட்டுப் பார்த்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க உதவுங்கள்!

நான் படித்த பி.காமில், தீயில் போன சரக்குக்கும் திருடு போன சரக்குக்கும் கணக்கு எழுதச் சொல்லித் தந்தார்கள். குடோனில் சரக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் உலகம் முழுக்க அதன் பிரதி என்றால் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? சட்டத்தின் பார்வையில் சோர்ஸ் கோடும் நாவல் மாதிரி ஓர் எழுத்துப் படைப்புதான். காப்பிரைட் உண்டு. எடுத்தவன் மட்டுமல்ல, அதை வாங்கி அடுத்தவனுக்கு அனுப்புகிறவனும் மீறுகிறான். அதிலும் ஒரு சிக்கல். கேமில் பொருட்கள் விழுவதையும் உருள்வதையும் கவனிக்கிற பகுதி ஹாவோக் கம்பெனியுடையது. வால்வ் லைசென்ஸ் கட்டி வாங்கியது. அடுத்த வீட்டு நகையும் சேர்ந்து போன கதை!

நஷ்டத்தைவிட மானம் போனது பெரிது. கேம் இன்னும் முடியவே இல்லை என்பது கோடைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

2004-ல் நியூவெல்லுக்கு ஒரு ஈமெயில் வந்தது. ஜெர்மனியிலிருந்து, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞர். உள்ளே புகுந்தது நான்தான், மன்னியுங்கள், வேலை கிடைக்குமா? (என்ன தைரியம் பாருங்கள்.) நியூவெல் கோபப்படவில்லை. போனிலேயே இன்டர்வியூ நடத்தினார்கள். அடுத்த ரவுண்டுக்கு அமெரிக்கா வாருங்கள் என்றார்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் எஃப்.பி.ஐ. அமுக்கிவிடும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் ஜெர்மன் போலீஸ் முந்திக்கொண்டு, மே மாதம் வீட்டிலேயே கைது செய்துவிட்டது. உண்மையில் அது அவருக்கு அதிர்ஷ்டம். நான் வெளியிடவில்லை, ஒருவரிடம் கொடுத்தேன், அவர்தான் பரப்பினார் என்று பிற்பாடு சொன்னார். ஜெர்மன் நீதிமன்றம் கொடுத்தது இரண்டு வருஷ புரொபேஷன். சிறை இல்லை.

'ஹாஃப் லைஃப் 2' 2004 நவம்பர் 16-ல் வெளியானது. கடையில் பெட்டியோடு காசு கொடுத்து வாங்கினவர்கள்கூட, இன்டர்நெட்டில் வால்வின் 'ஸ்டீம்' சர்வீஸில் பதிவு செய்த பிறகுதான் ஆட முடிந்தது. ஸ்டீம் ஏற்பாடு திருட்டுக்கு முன்பே தயாரானது, இதற்காக வந்ததல்ல. ஆனால் காசு கொடுத்தவர்கள் அன்று சர்வர் நெரிசலில் காத்திருந்து புலம்பினார்கள்.