ரோஜாக் கிண்ணத்தின் நூற்றாண்டுக் கணக்கு

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரையொட்டிய பாசடீனாவில் ஆங்கிலப் புத்தாண்டு நாளன்று ஆண்டுதோறும் இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. காலையில் மலர்களால் அலங்கரிக்கப்பட்ட ஊர்திகளின் அணிவகுப்பு. பிற்பகலில் இரு பல்கலைக்கழக அணிகள் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். 'ரோஸ் பௌல்', அதாவது ரோஜாக் கிண்ணம் எனப்படும் அந்த ஆட்டம், பருவ முடிவில் நடைபெறும் கல்லூரிக் கிண்ண ஆட்டங்களுள் மிகப் பழைமையானது. 'அனைத்துக்கும் தாத்தா' என்றே அங்குள்ளவர்கள் அதைச் செல்லமாக அழைக்கின்றனர்.

அந்த மைதானம் நமக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. 1994 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ பெனால்டி வாய்ப்பைக் கோல் கம்பத்துக்கு மேலே அடித்து, பிரேசிலிடம் கோப்பையைப் பறிகொடுத்தது அங்கேதான். ஆனால், புத்தாண்டு நாளில் அங்கு ஆடப்படுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. ரக்பியிலிருந்து கிளைத்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடக்கும் ஆட்டம் அது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், ஆட்டத்தின் நுணுக்கங்களைவிட அதன் வரலாறே என்னை ஈர்த்தது. ஒரு கல்வி நிறுவனத்தின் பெயர் சந்தைக்கு வரும்போது அந்த வருவாய் யாரைச் சேர்கிறது? 'போதும்' என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ரோஸ் பௌலின் கதையைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

கதை ஆட்டத்தில் தொடங்கவில்லை; மலரில் தொடங்கியது. கிழக்கு மாநிலங்கள் பனியில் உறைந்து கிடக்கும் ஜனவரியில், பாசடீனாவில் ரோஜா பூத்துக் குலுங்கும். அந்த இதமான பருவநிலையை நாட்டுக்கு அறிவிக்க, அவ்வூரிலிருந்த 'வேலி ஹண்ட் கிளப்' உறுப்பினர்கள் 1890 ஜனவரி 1 அன்று மலர் அணிவகுப்பு ஒன்றை நடத்தினர். சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் தந்த யோசனை அது. குதிரை வண்டிகளில் மலர்களைச் சூட்டி வலம்வந்தனர். விழா பெரிதாக வளர்ந்ததால், 1895-இல் அதற்கெனத் தனிச் சங்கமே உருவானது. புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் விழாவை மறுநாளுக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. தேவாலய வாசல்களில் கட்டப்பட்டிருக்கும் குதிரைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்படும் பழைய காரணம்.

விழாச் செலவை ஈடுகட்டவும் கூட்டத்தைப் பெருக்கவும் 1902-இல் கால்பந்து சேர்க்கப்பட்டது. கிழக்கிலிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகம் வந்தது. மேற்கின் சார்பில் ஸ்டான்ஃபோர்டு நின்றது. ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சியளித்த மிச்சிகன் அணி, அந்தப் பருவம் முழுவதும் எந்த எதிரணியையும் ஒரு புள்ளிகூட எடுக்கவிடாத அணி. 49-0 என்ற நிலையில், ஆட்டம் முடிய எட்டு நிமிடங்கள் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு தோல்வியை ஒப்புக்கொண்டு களத்தைவிட்டு வெளியேறியது. ஒருதலைப்பட்சமான அந்த ஆட்டத்துக்குப் பிறகு விழாக் குழுவினர் கால்பந்தைக் கைவிட்டனர். குதிரைப் போலோவும், பண்டைய ரோமானியர் பாணியிலான தேர்ப் பந்தயங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. ஊருக்கு விளம்பரம் தேவை. அதைத் தருவது கல்லூரி மாணவரா, தேரோட்டியா என்பது விழாக் குழுவுக்கு இரண்டாம்பட்சம்.

1916-இல் கால்பந்து திரும்பியது. வாஷிங்டன் ஸ்டேட் அணி பிரவுன் பல்கலைக்கழகத்தை 14-0 என வென்றது. தோற்ற அணியில் ஆடிய ஃபிரிட்ஸ் பொல்லார்ட், ரோஸ் பௌலில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரர். அன்றுமுதல் ஆண்டு தவறாமல் ஆட்டம் நடந்துவருகிறது. முதல் உலகப் போரின் காரணமாக 1918, 1919 ஆண்டுகளில் மட்டும் கல்லூரி அணிகளுக்குப் பதிலாகப் படைப்பிரிவு அணிகள் ஆடின.

கூட்டம் பெருகியதும் பழைய பூங்கா போதவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிண்ண வடிவ அரங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கட்டடக் கலைஞர் மைரன் ஹன்ட் புதிய மைதானத்தை வடிவமைத்தார். 1922-இல் பணி முடிந்து, 1923 புத்தாண்டு ஆட்டம் அங்கே நடைபெற்றது. அரங்கத்துக்கு வைத்த பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு, பருவ முடிவில் நடக்கும் இத்தகைய ஆட்டங்கள் அனைத்துக்குமே 'பௌல்' என்பது பொதுப்பெயராயிற்று.

வெற்றியைக் கண்டால் போட்டியாளர் வருவது சந்தையின் இயல்பு. பெருமந்தத்தால் நாடு தவித்த 1930-களில், பயணிகளை ஈர்க்க விரும்பிய மற்ற வெயில் நகரங்களும் இதே வழியைப் பின்பற்றின. மயாமியில் ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸில் சர்க்கரை, எல் பாசோவில் சூரியன் ஆகிய கிண்ணங்கள் 1935-இலும், டாலஸில் பருத்திக் கிண்ணம் 1937-இலும் தோன்றின. வட்டாரத்தின் விளைபொருளோ வெயிலோ கிண்ணத்தின் பெயராயிற்று. இன்று இத்தகைய ஆட்டங்கள் நாற்பதுக்கும் மேல். பெரும்பாலானவற்றின் பெயரில் இப்போது விளைபொருள் இல்லை. வணிக நிறுவனங்களே இருக்கின்றன.

நாட்டின் வரலாறும் இந்த மைதானத்தைத் தொடாமல் விடவில்லை. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும், மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து எனக் கருதி, 1942 ஆட்டம் நாட்டின் மறுகோடியிலுள்ள வட கரோலினாவின் டர்ஹாம் நகருக்கு மாற்றப்பட்டது. ஓரிகன் ஸ்டேட் அணி, டியூக் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்தில் 20-16 என வீழ்த்தியது. வென்ற அணியின் வீரர்களுள் ஒருவரான ஜாக் யோஷிஹாரா அந்தப் பயணத்தில் இல்லை. ஜப்பானிய வம்சாவளியினர் என்பதால் அவர் பயணம் செய்ய அனுமதிக்கப்படவில்லை. பின்னர் அவர் தடுப்பு முகாமிலும் அடைக்கப்பட்டார்.

போர் முடிந்ததும் ரோஸ் பௌலுக்கு நிலையான வடிவம் கிடைத்தது. நடுமேற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் அடங்கிய கூட்டமைப்பும் பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1947 முதல் தத்தம் அணிகளை மோதவிட்டன. நடுமேற்குக் கூட்டமைப்பே பின்னாளில் 'பிக் டென்' என்று நிலைபெற்றது. இடையில் சில ஆண்டுகள் தவிர, இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. 1952-இல் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 1973-இல் ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரில் கண்டனர்.

இந்த வரலாற்றில் என் மனத்தில் ஆழப் பதிந்தது ஆட்டக்களத்தில் நடந்த நிகழ்வன்று. ஓர் ஆசிரியர் அவையில் நடந்தது. 1961-இல், பழைய ஒப்பந்தம் காலாவதியாகியிருந்த இடைவெளியில், ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு ரோஸ் பௌல் அழைப்பு வந்தது. அழைப்பை ஏற்பதா என்பதை அங்கே ஆசிரியர் அவை முடிவு செய்ய வேண்டியிருந்தது. 28-25 என்ற வாக்குக் கணக்கில் அவை அழைப்பை நிராகரித்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் கால்பந்தோடு மட்டுமே பிணைந்துவிடுகிறது என்பது மறுத்தோரின் கவலை. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கிக் கண்டித்தனர். புகழ்பெற்ற பயிற்சியாளரான உட்டி ஹேஸ் அந்த முடிவுடன் உடன்படவில்லை. எனினும், வாக்களித்தவர்களின் நேர்மையை மதிப்பதாகக் கூறி அதற்குக் கட்டுப்பட்டார். ஓஹாயோ ஸ்டேட்டுக்குப் பதிலாக மின்னசோட்டா சென்று வென்றது.

இத்தகைய தயக்கம் வேறிடத்திலும் இருந்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1925 ரோஸ் பௌலில் ஸ்டான்ஃபோர்டை வென்ற பிறகு, படிப்பு கெடும் என்பதை முன்னிட்டு 1970 வரை எந்தக் கிண்ண ஆட்டத்துக்கும் செல்லவில்லை. அந்த 28 பேரின் முடிவு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால், அன்று 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்தில் ஆசிரியர்கள் இருந்தனர். இன்று அத்தகைய வாக்கெடுப்பைக் கற்பனை செய்வதுகூடக் கடினம்.

ஏன் கடினம் என்பதைப் பொருளாதாரம் விளக்கும். கல்லூரி விளையாட்டை ஒழுங்குபடுத்தும் தேசியச் சங்கமான என்சிஏஏ, எத்தனை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்று நெடுங்காலம் வரம்பு விதித்திருந்தது. விற்பனையாளர்கள் கூடிச் சரக்கைக் குறைத்து விலையை உயர்த்தும் 'கார்ட்டல்' முறைக்கு வகுப்பறையில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு அது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. அந்த வரம்பு 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்துக்கு முரணானது என 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலர் அணிவகுப்பு தொடங்கிய அதே ஆண்டில் பிறந்த சட்டம், அதன் ஆட்டத்தின் விதியையும் மாற்றியது. கூட்டமைப்புகள் தாமே நேரடியாக ஒளிபரப்பு உரிமையை விற்கத் தொடங்கின. எவ்வளவு பெரிய அணிகளைச் சேர்த்துக்கொள்கிறதோ, அவ்வளவு பெரிய விலை ஒரு கூட்டமைப்புக்குக் கிடைக்கும் என்ற நிலை உருவானது.

விற்கும் பக்கம் உடைந்த முற்றுரிமை, வாங்கும் பக்கம் உடையவில்லை. வீரர்களுக்குக் கல்வி உதவித்தொகைக்கு மேல் எதுவும் தருவதில்லை என எல்லாக் கல்லூரிகளும் ஒன்றுபட்டு நின்றன. இதையே 'வாங்குவோர் முற்றுரிமை' என்கிறோம். பயிற்சியாளர்களின் ஊதியத்துக்கோ அத்தகைய வரம்பில்லை. இன்று பல மாநிலங்களில் மிக அதிக ஊதியம் பெறும் அரசு ஊழியர் ஆளுநரோ அறிவியலரோ அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்தான். வீரர்களுக்கு இலவசக் கல்வியே பெரும் ஊதியம் என்ற வாதத்திலும், கால்பந்து வருவாய்தான் நீச்சல், தடகளம் போன்ற பிற விளையாட்டுகளைத் தாங்குகிறது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆயினும், தான் ஈட்டித் தரும் தொகையில் தன் பங்கைக் கேட்கும் உரிமைகூட ஒருவருக்கு இல்லை என்பதை அந்த வாதங்கள் நியாயப்படுத்திவிடா.

நீதிமன்றங்களும் அவ்வாறே கருதின. கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு விதிப்பது சட்டவிரோதம் என 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அதே ஆண்டில், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெற வீரர்களுக்கு வழி பிறந்தது. 2025-இல் ஏற்கப்பட்ட சமரசத் தீர்வின்படி, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர்.

வீரருக்குக் கிடைத்த இந்த நியாயம் வரவேற்கத்தக்கதே. ஆனால், அதே காலத்தில் வேறொன்று அழிந்தது. சதர்ன் கலிஃபோர்னியா, யுசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் ஆகிய நான்கு பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்களும் பெரிய ஒளிபரப்புத் தொகையை நாடி, 2024-இல் தம் பழைய எதிரணியான பிக் டென் கூட்டமைப்பிலேயே சேர்ந்தன. மற்றவையும் கலைந்தன. பழைய கூட்டமைப்பில் எஞ்சியவை இரண்டே பல்கலைக்கழகங்கள்: வாஷிங்டன் ஸ்டேட், ஓரிகன் ஸ்டேட். 1916-இல் ஆட்டத்தை மீட்டெடுத்து வென்ற அணியும், 1942-இல் நாட்டின் மறுகோடிக்குச் சென்று வென்ற அணியும்தான் கைவிடப்பட்டன. வரலாற்றுக்குச் சந்தையில் விலையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ரோஸ் பௌலும் மாறிவிட்டது. தேசிய வாகையர் பட்டத்துக்கான ஏற்பாட்டின் பகுதியானபின், 2002-இல் மயாமியும் நெப்ராஸ்காவும் அங்கே மோதின. பழைய இரு கூட்டமைப்பு மரபு முதன்முறையாக முறிந்தது. கொள்ளைநோய்க் காலத்தில், 2021 ஆட்டம் டெக்சஸ் மாநிலத்துக்குச் சென்றது. இப்போது பன்னிரண்டு அணிகள் பங்கேற்கும் வாகையர் தொடரில் அது ஒரு சுற்று மட்டுமே. 2025 புத்தாண்டன்று ஓஹாயோ ஸ்டேட் அணி 41-21 என ஓரிகனை வென்றது. கிழக்குக்கும் மேற்குக்குமான போட்டியாகப் பிறந்த ஆட்டத்தில், இரண்டு அணிகளும் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. அவற்றுள் வென்றது, 1961-இல் 'வேண்டாம்' என்று சொன்ன அதே பல்கலைக்கழகம்.

இதில் எவரையும் வில்லனாகக் காட்ட வேண்டியதில்லை. ஊர் தன் பருவநிலையை விற்றது. தொலைக்காட்சி தன் நேரத்தை விற்றது. வீரர் இன்று தன் உழைப்புக்கு விலை கேட்கிறார். அவரவர் நிலையில் அவரவர் செய்தது சரியே. தம் பெயரை விற்பதில் எல்லை எது என்று தீர்மானிக்க வேண்டியவை பல்கலைக்கழகங்கள். அவைதாம் அந்தக் கேள்வியைக் கேட்பதையே நிறுத்திக்கொண்டன.

எந்த நாட்டிலும் கல்வி நிறுவனத்தின் நற்பெயர் தலைமுறைகள் சேர்த்த மூலதனம். அதை எதற்கு, யார் அனுமதியுடன் பயன்படுத்துகிறோம் என்று விவாதிக்க ஓர் அவை வேண்டும். அந்த அவையில் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் வாக்கு வேண்டும். தீர்ப்பு 28-25 என்று எந்தப் பக்கமும் சாயட்டும். வாக்கெடுப்பு நடப்பதே பல்கலைக்கழகம் இன்னும் பல்கலைக்கழகமாக இருக்கிறது என்பதன் அடையாளம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)